கிறிஸ்துமஸ் குடில்: எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது

எங்கள் பங்கில், அதாவது எங்கள் கத்தோலிக்கக் கோயிலுக்கு உட்பட்ட பகுதியில், அன்பியங்கள் என்கிற சின்னச் சின்ன ஜெபக் குழுக்களுக்குள் குடில் போட்டி நடக்கும். இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் காட்டுவதுதான் குடில். மதிப்பெண் போடப் போகிறவர்களில் நானும் ஒருவன் என்பதால், பல வருஷமாக டிசம்பர் கடைசியில் வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளையில் கட்டிய குடிலும் பார்த்திருக்கிறேன், திருப்பூரில் ஒற்றை அறை லைன் வீட்டில் டிவி மேசை மேல் கட்டியதும் பார்த்திருக்கிறேன். காசைக் கொட்டிக் கட்டியது சோபிக்காமல் போவதும், சாக்கும் சோளத்தட்டுமாகக் கட்டியது கண்ணிலேயே நிற்பதும் பெரும்பாலும் ஒரே விஷயத்தால்தான். எதை எப்போது செய்தார்கள் என்கிற வரிசை.

வழக்கமாக நடப்பது இது. 23-ஆம் தேதி சாயங்காலம் சொரூபப் பெட்டி, அதாவது குடில் பொம்மைகள் இருக்கும் பெட்டி வாங்குவார்கள். ராத்திரிக்குள் குடிலைக் கட்டி, பெட்டியில் இருந்த எல்லாரையும் ஒரே மூச்சில் உள்ளே நிறுத்திவிடுவார்கள். பிறக்க இன்னும் ஒரு நாள் இருக்கும்போதே குழந்தை தீவனத்தொட்டியில் படுத்திருக்கும். கிழக்கிலிருந்து நடந்து வர வேண்டிய ஞானிகள் அதற்குள் வந்து இடையர்களோடு தோள் உரசிக்கொண்டு நிற்பார்கள்.

கீழே சொல்வது 6 அங்குலச் சொரூபங்களை வைத்து மேசை மேல் கட்டும் வீட்டுக் குடிலுக்கு. கோயிலிலோ தெருவிலோ கட்டுகிறவர்கள் அளவை மட்டும் பெருக்கிக்கொண்டால் போதும், வரிசை அதேதான்.

1. நாள்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக்காலம். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும் ஞாயிறில் தொடங்கும். குடில் வேலையும் அன்றைக்கே தொடங்கிவிட வேண்டும். தொடங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், முடிக்கச் சொல்லவில்லை.

முதல் ஞாயிறில் இடத்தை முடிவு செய்து, நான்கு மெழுகுவத்தி வைக்கும் பச்சை வளையத்தை அங்கே வையுங்கள். மூன்று வத்தி ஊதா, ஒன்று ரோஜா நிறம். ரோஜா வத்தி மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. ஊதா, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கும் உள்ள நிறம். பாதி வழி கடந்தாயிற்று, சந்தோஷப்படுங்கள் என்று சொல்வதற்காக நடுவில் ஒரு நாள் அது வெளுக்கிறது. நிறத்தை மாற்றி ஏற்றிவிட்டு நான்காம் வாரம் விழிக்கிற வீடுகள் உண்டு. வத்தியின் அடியிலேயே எண் எழுதி வைத்துவிட்டால் தீர்ந்தது.

இரண்டாம் வாரம் சொரூபங்களைப் பார்ப்பது. 13, 14 தேதிவாக்கில் பயிர் போடுவது. 17-ஆம் தேதிக்குள் மலையும் கொட்டகையும். மீதி ஒவ்வொன்றும் அதனதன் நாளில்.

2. சொரூபம் முதலில், கூரை அப்புறம்

புதிதாகக் கட்டுகிறவர்கள் நூற்றுக்கு எண்பது பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். அழகாக ஒரு கொட்டகை கட்டிவிட்டு, அதற்குச் சொரூபம் தேடிக் கடைகடையாக அலைவார்கள். கடைசியில் மாதாவின் கணவர் சூசையப்பர் தலை கூரையில் இடிக்கும், அல்லது எல்லாரும் சினிமா கொட்டகைக்குள் நிற்பதுபோல எறும்பு அளவில் தெரிவார்கள்.

நிற்கும் சூசையப்பர்தான் அளவுகோல். அவர் 6 அங்குலம் என்றால் கொட்டகையின் முன்பக்கத் திறப்பு 10 அங்குல உயரம் இருக்கலாம். அகலம் 15, ஆழம் 9. ஆழம் குறைந்தால் மாட்டுக்கு இடம் இருக்காது. மாதாவும் சூசையப்பரும் தொட்டியைச் சுற்றி வளைவாக உட்காராமல், குரூப் போட்டோ மாதிரி ஒரே வரிசையில் நிற்பார்கள்.

ஆடுமாடுகளைத் தனியாக வாங்கும்போது சூசையப்பரைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆடு அவர் முழங்காலைத் தாண்டி இடுப்புக்குக் கீழே நிற்க வேண்டும். இடுப்புக்கு மேல் போகும் ஆட்டைக் கடைக்காரர் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மண் பொம்மையோடு பிளாஸ்டிக் ஒட்டகத்தைக் கலக்காதீர்கள், வெளிச்சம் பட்டதும் பிளாஸ்டிக் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும்.

பழைய சொரூபம் இருந்தால் விரல், காது, கொம்பு உடைந்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வெள்ளை சிமெண்டில் ஒட்டி, காயவைத்து, வர்ணம் தொட ஒரு வாரம் ஆகும்.

3. இடம்

வாசல் காற்று நேராக அடிக்காத மூலை. தரையிலிருந்து 3 அடி உயரம். ஐந்து வயதுக் குழந்தை நின்றால் தொட்டி அதன் கண்ணுக்கு நேராக இருக்கும். பெரியவர்கள் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும், தப்பில்லை.

மேசை 4 அடிக்கு இரண்டரை அடி இருந்தால் தாராளம். பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருக்க வேண்டும். முற்றத்தில் கட்டுவதாக இருந்தால் மேலே ஒரு தார்ப்பாய் கட்டாமல் தொடங்காதீர்கள். நம் பக்கம் டிசம்பர் நடுவிலும் ஒரு மழை வந்துவிட்டுப் போகும். மழை ஏமாற்றினாலும் மார்கழிப் பனி ஏமாற்றாது. காகிதத்தில் செய்த மலை விடிகாலையில் தொங்கிப்போயிருக்கும்.

4. பயிர் போடுவது

குடிலைச் சுற்றிப் பச்சையாக இருக்கிற வயல் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் புல்லாக இருக்க வேண்டியதில்லை. கம்பு அல்லது ராகி விதைத்தால் பத்து நாளில் விரல் உயரம் வந்துவிடும். மாரியம்மன் நோன்புக்கு முளைப்பாரி போட்ட கை உங்கள் தெருவில் ஏதாவது இருக்கும், கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள். என் முதல் பயிருக்குப் பக்குவம் சொன்னது பக்கத்து வீட்டுக் கவுண்டரம்மாதான். "இத்தன தண்ணி ஊத்துனா அழுகிப் போயிருங்க தம்பி, தெளிச்சு உடுங்க போதும்" என்றார்.

மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு போடுங்கள். பொள்ளாச்சிப் பக்கம் கொட்டிக் கிடக்கும், இப்போது நர்சரிகளிலும் கட்டியாகக் கிடைக்கிறது. எடை குறைவு, ஈரம் நிற்கும், மேசை நாறாது. ஒரு அங்குல உயரத் தட்டில் பரப்பி நனைத்து, இரவு ஊறிய கம்பை நெருக்கமாகத் தூவி, ஈரச் சாக்கால் இரண்டு நாள் மூடி வையுங்கள். முளை தெரிந்ததும் சாக்கை எடுத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு மாற்றுங்கள்.

இருட்டிலேயே விட்டால் மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடும். டிசம்பர் முதல் வாரமே விதைத்தாலும் அதே கதிதான், கிறிஸ்துமஸுக்குள் நரைத்துப் போகும். கோழி வளர்க்கிற வீடு என்றால் எப்படிக் காப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

5. மலையும் தரையும்

பெத்லகேம் மலை மேல் இருக்கும் ஊர். அங்கே இயேசு பிறந்த இடமாகப் போற்றப்படுவது ஒரு குகை, பிறப்பின் ஆலயம் அதன் மேல்தான் நிற்கிறது. அதனால் குகையாகவும் கட்டலாம், ஓலைக் கொட்டகையாகவும் கட்டலாம். இரண்டும் கலந்து, மலையை ஒட்டிச் சாய்ந்த கொட்டகை என்றால் எனக்குப் பிடிக்கும். பின்புறம் அட்டைப் பெட்டிகள் தெரியாமல் மறைக்கவும் அது வசதி.

பெட்டிகளை உயரம் மாற்றி அடுக்குங்கள். செம்மண்ணை மைதாப் பசையோடு தோசைமாவுப் பதத்தில் கரைத்து, பழைய கோணிச்சாக்கை அதில் முக்கி, பெட்டிகள் மேல் போர்த்தி, கையால் மடிப்பு எடுங்கள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் பாறை. காயாமல் வீட்டுக்குள் கொண்டுவந்தால் மூன்றாம் நாள் பூசணம் பிடிக்கும்.

பஞ்சைப் பிய்த்துக் கூரை மேல் பனி வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பெத்லகேமில் எப்போதாவதுதான் பனி கொட்டும். நற்செய்தியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அது ஐரோப்பிய வாழ்த்து அட்டையிலிருந்து இறங்கி வந்தது. வெள்ளையாக ஏதாவது வேண்டும் என்றால் பூளைப்பூ இருக்கிறது. பொங்கலுக்குக் காப்புக்கட்ட எப்படியும் தேடுவோம், கொஞ்சம் முன்கூட்டியே காட்டோரம் பறித்து வந்து பாறை இடுக்குகளில் செருகுங்கள்.

6. கட்டுத்தரை

லூக்கா எழுதிய நற்செய்தியில் கொட்டகை என்ற சொல்லே கிடையாது. தங்க இடம் இல்லாததால் மாதா குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத்தொட்டியில் கிடத்தினார் என்பதோடு அவர் முடித்துக்கொள்கிறார். தொட்டி இருந்தால் மாடு கட்டும் இடமாகத்தான் இருக்கும் என்று மற்றவர்கள் ஊகித்தார்கள். ஆகவே நீங்கள் கட்டப்போவது மாளிகையின் சின்ன உருவம் இல்லை, நம் தோட்டத்துக் கட்டுத்தரை. வார்னிஷ் அடித்த பலகை, கண்ணாடித் தரை, நீரூற்று மோட்டார் எதுவும் வேண்டாம். நான் மதிப்பெண் குறைப்பது இங்கேதான், அன்பியத் தலைவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

சுண்டுவிரல் பருமன் குச்சியில் நான்கு கால். முன்கால் 10 அங்குலம், பின்கால் 8. கூரை பின்னால் சரிய வேண்டும். முன்னால் சரிந்தால் உள்ளே இருட்டடிக்கும். பக்கச் சுவருக்குக் காய்ந்த சோளத்தட்டை ஒரே நீளமாக வெட்டி, சணலால் படல் மாதிரிக் கட்டுங்கள். கூரைக்குத் தென்னங்கீற்றின் நுனி ஓலை, அல்லது பனையோலை. ஓலையைக் கீழிருந்து மேலாக ஒன்றின் மேல் ஒன்று வருகிற மாதிரி வேயுங்கள். மேலிருந்து தொடங்கினால் முடிச்சுகள் எல்லாம் வெளியே தெரியும்.

வேலிக்குக் கிளுவைக் குச்சி கிடைத்தால் விடாதீர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் மேய்ச்சல் காட்டைச் சுற்றி உயிர்வேலியாக நிற்பது கிளுவைதான். ஞானிகள் கொண்டுவந்த வெள்ளைப்போளம் எந்த மரத்தின் பிசினோ, அந்த மரமும் கிளுவையும் ஒரே பேரினம். குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், அதற்கப்புறம் அவர்கள் வேலியைக் கடந்து போகும்போது சும்மா போக மாட்டார்கள்.

வைக்கோலை இப்போது போட வேண்டாம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

7. விளக்கு, வைக்கோலுக்கு முன்

என் வீட்டில் ஒரு வருஷம் வைக்கோலைப் பரப்பிவிட்டு, அதன் அடியில் சீரியல் செட் ஒயரை ஓட்டினேன். நடுவில் நானே முறுக்கி டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட். திருப்பலிக்கு, அதாவது கோயில் பூசைக்குக் கிளம்பும் நேரத்தில் கருகல் வாசனை. நல்லவேளையாக வீட்டில் ஆள் இருந்தார்கள். அன்றிலிருந்து என் வரிசை இதுதான்: ஒயர், சோதனை, ஒரு ராத்திரி முழுக்க எரியவிட்டுத் தொட்டுப் பார்ப்பது, அப்புறம்தான் வைக்கோல்.

12 வோல்ட் அடாப்டரில் எரியும் எல்.இ.டி. பட்டை வாங்குங்கள். சூடு குறைவு. ஜாயிண்ட் எதுவும் குடிலுக்குள் வரக்கூடாது. மெழுகுவத்தியைக் குடிலுக்குள் வைக்கவே கூடாது; வளையத்து வத்திகளை ஜெபத்துக்கு மட்டும் தள்ளி வைத்து ஏற்றி, முடிந்ததும் அணையுங்கள். வெளியே கட்டுகிறவர்கள் பிளக்கைத் தரையில் போடாமல் உயரத்தில் கட்டி, பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள்.

மஞ்சள் வெளிச்சம் ஒன்று, தொட்டியின் பின்னால், பார்ப்பவர் கண்ணில் படாமல். அது மட்டும் போதும். பச்சையும் சிவப்புமாக ஓடிப் பிடித்து விளையாடும் விளக்கைச் சன்னலுக்குக் கட்டிக்கொள்ளுங்கள். கூரை மேல் தொங்கும் ஸ்டார் கொஞ்சம் முன்னால் தள்ளி இருந்தால்தான் தூரத்தில் வரும் ஞானிகளுக்கும் அது தெரிகிற மாதிரி இருக்கும்.

இப்போது வைக்கோல் பரப்பலாம். ஜிகினாத்தூள் தூவாதீர்கள், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

8. ஆட்களை உள்ளே விடும் வரிசை

17-ஆம் தேதி மாடும் கழுதையும் மட்டும். அவற்றின் வீடு அது, மற்றவர்கள்தான் விருந்தாளிகள். சொல்லப்போனால் நற்செய்தியில் மாடும் கழுதையும் வருவதே இல்லை. மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் எஜமானின் தொட்டியை அறியும், என் மக்களுக்கோ அறிவில்லை என்று எசாயா முதல் அதிகாரத்தில் ஆண்டவர் வருத்தப்படுகிறாரே, அங்கிருந்து வந்தவை. அதனால் அவை ஓரமாக எங்கோ பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. முகம் தொட்டியைப் பார்த்து இருக்கட்டும்.

மாட்டுக்கு வர்ணம் தீட்டுகிறவர்களுக்கு ஒன்று. காங்கேயம் மாடாக்க ஆசைப்பட்டால் காளைக்கு உடம்பு சாம்பல், திமிலும் கழுத்தும் கருத்து. கன்று வைத்தால் அது செவலையாக இருக்க வேண்டும். காங்கேயம் கன்று பிறக்கும்போது சிவப்பு, மாதங்கள் போனால்தான் வெளுக்கும். வெள்ளைக் கன்று வைத்த குடிலைப் பார்த்து ஒரு பண்ணையக்காரர் சிரித்ததை நான் நேரில் கேட்டேன்.

காலித் தொட்டியும் 17-ஆம் தேதியே உள்ளே வந்துவிட வேண்டும். வெறுமையாக ஒரு வாரம் இருக்கட்டும். "பாப்பா எங்கீங்க?" என்று வருகிற குழந்தைகள் எல்லாம் கேட்கும். திருவருகைக்காலத்தின் பொருளே அந்தக் கேள்விதான், அதை அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள். சில வீடுகளில் பிள்ளைகள் ஒரு நல்ல காரியம் செய்த நாளில் தொட்டியில் ஒரு வைக்கோல் போடுவார்கள். நல்ல பழக்கம். ஆனால் கணக்கு நோட்டு போட்டு அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டிவிடாதீர்கள்.

மாதாவையும் சூசையப்பரையும் 17-ஆம் தேதி அறையின் வேறு கோடியில், அலமாரி மேல் வையுங்கள். தினமும் ஒரு முழம் நகர்த்துங்கள். மக்கள்தொகைக் கணக்குக்குப் பெயர் கொடுக்க நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வந்தவர்கள் அவர்கள். கோயமுத்தூரிலிருந்து ஈரோட்டுக்கு இருக்கும் தூரத்தைவிட அதிகம், அதுவும் நிறைமாதத்தில். 24 சாயங்காலம் கொட்டகையை அடைந்தால் போதும்.

இடையர்கள் கொட்டகைக்கு வெளியே, பயிர்த் தட்டுக்கு அப்பால், ஆடுகளோடு. அவர்கள் வயலில் தங்கி இரவில் மந்தையைக் காவல் காத்தவர்கள். நம் ஊரில் காட்டில் பட்டி போட்டு ராக்காவல் இருக்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடுகளைச் சிதறவிடாமல் ஒரு சின்னப் பட்டிப் படலுக்குள் அடையுங்கள். ராத்திரியில் ஆடு பட்டியில்தான் அடையும்.

9. 24-ஆம் தேதி இரவு

வானவரைக் கூரையில் அதுவரை தொங்கவிட வேண்டாம். திருவருகைக்கால ஞாயிறுகளில் திருப்பலியில் "உன்னதங்களிலே" பாடுவதில்லை. கிறிஸ்துமஸ் இரவில்தான் மணியடித்து அதைப் பாடுவார்கள். இடையர்களுக்கு வானவர்கள் பாடிய பாட்டு அது. கோயிலில் அது திரும்பக் கேட்கிற இரவில் வீட்டிலும் வானவர் வரட்டும்.

கோயிலுக்குக் கிளம்பும் முன் மாதாவும் சூசையப்பரும் உள்ளே. தொட்டி காலி. நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும் வீட்டு விளக்கெல்லாம் அணைத்துவிட்டுக் குடில் விளக்கை மட்டும் போடுங்கள். ஒருவர் லூக்கா 2-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து 14 வரை வாசிக்கட்டும். 7-ஆம் வசனத்தில் நிறுத்துங்கள். வீட்டிலேயே சின்னக் குழந்தை பாலன் இயேசுவைத் தொட்டியில் வைக்கும். மீதியை வாசிக்கும்போது வானவரை மாட்டுங்கள். எங்கள் வீட்டில் இந்த இடத்தில் அப்பத்தா அழுதுவிடும், வருஷா வருஷம்.

பாலன் சொரூபத்தைக் கோயிலுக்கு எடுத்துப்போய் மந்திரித்து (ஆசீர்வதித்து) வர நினைத்தால் பங்குச் சாமியாரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். திருப்பலி முடிந்த கூட்டத்தில் முண்டியடித்துப் போனால் குழந்தை கையில் சொரூபம் உடையும்.

விடிந்ததும் இடையர்களை ஆடுகளோடு கொட்டகை வாசலுக்கு நகர்த்துங்கள். அப்புறம் குடில் பார்க்க வருகிற அக்கம்பக்கத்தாருக்குக் கச்சாயமும் முறுக்கும்.

புராட்டஸ்டண்ட் சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்த வீடுகளில் சொரூபம் வைக்கிற வழக்கம் குறைவு. காலித் தொட்டி, ஸ்டார், வைக்கோல் மட்டும் வைத்து, இதே வசனங்களை வாசிக்கிறவர்கள் உண்டு. தொட்டியை முன்னணை என்பார்கள், ஞானிகளைச் சாஸ்திரிகள் என்பார்கள். கலப்புக் குடும்பங்களில் இரண்டு சொல்லும் ஓடும்.

10. ஞானிகள் நடக்கட்டும்

கிறிஸ்துமஸ் அன்று ஞானிகள் வீட்டின் கிழக்குப் பக்கம், குடிலிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும். மத்தேயு எழுதியதில் அவர்கள் குழந்தையைப் பார்த்தது ஒரு வீட்டில், தொழுவத்தில் இல்லை. ஏரோது அரசன் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைக் கொல்லச் சொன்னான் என்பதைப் பார்த்தால் அவர்கள் உடனே வந்து சேரவில்லை என்பது தெரியும். மூன்று பேர் என்றும் எங்கும் எழுதவில்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதை வைத்து ஆளையும் மூன்றாக்கிவிட்டோம்.

தினமும் பிள்ளைகள் ஒரு அடி நகர்த்தட்டும். ஜன்னல் திட்டு, பிரிட்ஜ் மேல், தையல் மெஷின். ஞானிகள் குழந்தையைக் கண்டு வணங்கியதைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா அன்று குடிலுக்குள் வந்துவிடலாம். அதன் தேதி ஜனவரி 6, நம் நாட்டில் அதை ஒட்டிய ஞாயிறில் கொண்டாடுகிறோம். அன்றைக்கு இடையர்களைப் பின்னுக்குத் தள்ளி இடம் விடுங்கள். ஒட்டகம் கொட்டகைக்கு வெளியேதான்.

இந்தப் பத்துப் பன்னிரண்டு நாளும் பயிருக்குக் காலையில் கைத்தெளிப்புத் தண்ணீர் மட்டும். சாய்ந்தால் கத்தரியால் நுனியை வெட்டுங்கள், திரும்ப நிமிரும்.

11. பிரிப்பது

26-ஆம் தேதியே பிரித்துவிடுகிறவர்கள் ஞானிகளை வழியிலேயே விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். திருக்காட்சி முடிந்து, அடுத்து வரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடு கிறிஸ்து பிறப்புக் காலம் முடிகிறது. அதற்கப்புறம் பிரிக்கலாம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற வேலையும் அப்போது தலைக்கு மேல் நிற்கும்.

பயிரையும் வைக்கோலையும் மாட்டுக்குப் போடுங்கள். ஜிகினா வேண்டாம் என்று சொன்னது இதற்குத்தான், ஸ்பிரேயும் தெர்மாகோலும்கூட வேண்டாம். தூள் ஒட்டிய வைக்கோலைத் தின்று மாட்டுக்கு வயிறு கெட்டால் யாரிடம் போய்ச் சொல்வது? சாக்கு மலையை மடிக்காமல் அப்படியே பரணில் ஏற்றினால் இரண்டு வருஷம் தாங்கும்.

சொரூபங்களை ஒவ்வொன்றாகப் பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வெள்ளைப் பூச்சில் ஒட்டிக்கொள்ளும். கனமானது அடியில், ஆடுகள் மேலே. பெட்டி மேல் எத்தனை ஆடு என்று எழுதிவிடுங்கள். பாலன் சொரூபத்தை மட்டும் இந்தப் பெட்டியில் போடாமல், சின்ன டப்பாவில் வைத்து பீரோவில் துணிமணிக்கு நடுவே வையுங்கள். பெட்டியோடு சேர்த்து அடுத்த டிசம்பரில் கைக்கு வந்தால் யாராவது 17-ஆம் தேதியே எடுத்துத் தொட்டியில் வைத்துவிடுவார்கள்.